நவம்பரில் நார்தம்பர்லாந்து: மூன்று நாள் போதும்

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரைக்கு நான் போவது நவம்பர் கடைசியில்தான். கூட்டம் இருக்காது. வெளிச்சமும் இருக்காது, நாலு மணிக்குள் இருட்டிவிடும். அதனால் காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.

விடுதியைத் தேடும் முன் ஹோலி தீவில் கடல் ஏறி இறங்கும் நேரத்தைப் பாருங்கள். தீவுக்குப் போகும் சாலையைக் கடல் தினமும் இரண்டு முறை மூடிவிடும். பத்திரமாகக் கடக்கும் நேரங்களைக் கவுன்ட்டி கவுன்சில் வெளியிடுகிறது. அதை வைத்துத்தான் மற்ற நாள்களைப் பிரிக்க வேண்டும். ‘கொஞ்சம் தண்ணீர்தானே’ என்று காரை இறக்காதீர்கள்.

டன்ஸ்டன்பரோ கோட்டைக்கு வண்டி போகாது. கிராஸ்டர் கிராமத்தில் நிறுத்திவிட்டு, கடலோரப் புல்வெளியில் சுமார் 2 கிலோமீட்டர் நடை. 1313-இல் கட்டத் தொடங்கிய கோட்டை. வாசலின் இரட்டைக் கோபுரம் இடிந்தும் மிரட்டுகிறது. அங்கே குடை சரிவராது. என்னுடையது இரண்டே நிமிடத்தில் வெறும் கம்பியாகிவிட்டது. தலைமூடி வைத்த மழைக்கோட்டு, சேற்றுக்கு பூட்ஸ், அவ்வளவுதான்.

ஆன்விக் கோட்டை குளிர்காலத்தில் மூடியிருக்கும், விடுங்கள். அப்புறம் பாம்பரோ. கடல் வற்றியதும் மணலில் இறங்கி நில்லுங்கள்: கரும்பாறைமேல் கோட்டை, காலடி ஈரத்தில் அதுவே தலைகீழாக.