டென்னிஸ் மட்டையை நாமே மாற்றியமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடையில் வாங்கிய டென்னிஸ் மட்டையைத் தம் கைக்கு ஏற்றவாறு மாற்ற விரும்புவோர் பலரும், எடை கூட்ட மட்டையில் ஒட்டும் ஈய டேப்பில்தான் தொடங்குகிறார்கள். ஒட்டுவதும் எளிது, பிடிக்காவிட்டால் பிய்த்தெடுப்பதும் எளிது என்பதால், அளந்து பார்க்காமலே ஒட்டிவிடும் பழக்கமும் கூடவே வந்துவிடுகிறது. நானும் அப்படித்தான், பந்தை அடிக்கும்போது கனம் போதவில்லை என்று எண்ணி, 300 கிராம் மட்டையின் உச்சியில் 6 கிராம் ஒட்டினேன். எடையில் இரண்டு விழுக்காடுதானே கூடுகிறது என்பது என் கணக்கு. முதல் அரைமணி நேரம் பந்து உரமாகப் பறந்தது. அதன் பிறகு சர்வீஸில் தோள் களைத்தது. வாலி ஆடும்போது, அதாவது பந்து தரையில் படுமுன் அடிக்கும்போது, மட்டை உரிய நேரத்தில் பந்திடம் வந்து சேரவில்லை.

காரணம், கை உணர்வது மட்டையின் மொத்த எடையை மட்டுமன்று. வீசும்போது அது காட்டும் தடையையும்தான். ஸ்விங்வெயிட் எனப்படும் இந்த அளவு, கைப்பிடியின் அடிமுனையிலிருந்து 10 செ.மீ. தள்ளியுள்ள புள்ளியை அச்சாகக் கொண்டு கணக்கிடப்படுகிறது. ஒட்டும் எடையை அச்சிலிருந்து அது இருக்கும் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும் என்பதால், 68.5 செ.மீ. நீள மட்டையின் உச்சியில் ஒட்டும் ஒரு கிராம் ஏறக்குறைய 3.4 அலகை (கிலோகிராம் × சதுர செ.மீ.) கூட்டுகிறது. அதே ஒரு கிராம் கைப்பிடியில் அந்த அச்சின் மேலேயே இருந்தால் எதையும் கூட்டுவதில்லை. ஆகவே நான் ஒட்டிய 6 கிராம், 320 அலகு மட்டையை 340 ஆக்கும் அளவுக்குப் பெரிய மாற்றம். எவ்வளவு ஒட்டுகிறோம் என்பதைவிட எங்கே ஒட்டுகிறோம் என்பதையே முதலில் முடிவு செய்ய வேண்டும். மையம் தவறிய அடிகளில் மட்டை கையில் திருகிக்கொள்வதுதான் குறையென்றால், தலையின் இரு பக்கங்களிலும் சம அளவில் ஒட்டுவதே பொருத்தமானது. உச்சியில் ஒட்டுவது அந்தத் திருகலைத் தடுக்க அநேகமாக உதவாது.

ஒரே மாதிரியைச் சேர்ந்த இரண்டு மட்டைகள்கூடச் சில கிராம் வேறுபடலாம் என்பதால், அச்சிட்ட எடையை நம்பித் தொடங்கக் கூடாது. நரம்பு கட்டி, ஓவர்கிரிப் (கைப்பிடியின் மேல் சுற்றும் மெல்லிய பட்டை) சுற்றிய நிலையில் மட்டையைத் தராசில் நிறுத்து, அது சமநிலையில் நிற்கும் புள்ளியையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றுவது இன்னொரு தவறு. தோல் கிரிப் பொதுவாகச் செயற்கை கிரிப்பைவிடக் கனமானது. செயற்கை கிரிப்பை எடுத்துவிட்டுத் தோல் கிரிப் சுற்றினாலே சமநிலைப் புள்ளி கைப்பக்கம் நகரும். அதே வேளையில் நரம்பின் இறுக்கத்தையும் குறைத்துவிட்டால், எந்த மாற்றம் எந்த விளைவைத் தந்தது என்று பிரித்தறியவே முடியாது. ஒரு மாற்றம், சில நாள் ஆட்டம், பிறகே அடுத்தது.

பழைய நரம்பை ஓரத்திலிருந்து வரிசையாக வெட்டிக்கொண்டே போவதும் ஆபத்தானது. ஒரு பக்கம் மட்டும் இறுக்கம் தளர்ந்தால் சட்டகம் கோணக்கூடும். நடுவில் தொடங்கி வெளிநோக்கி, நெடுக்கையும் குறுக்கையும் மாறி மாறி வெட்ட வேண்டும்.

பெரிய வீரர்களின் மட்டையை அப்படியே பின்பற்றுவதும் தவறு. முன்னாள் டென்னிஸ் நட்சத்திரம் பீட் சாம்ப்ராஸின் மட்டை ஈயம் ஏற்றிய மிகக் கனமான மட்டை என்பது உண்மைதான். அதை வீசிய தோளும் பயிற்சியும் நமக்கு இல்லாதபோது அந்த எடையை மட்டும் எடுத்துக்கொள்வது காயத்தில் முடியலாம்.

ஈயம் நச்சுப்பொருள். ஒட்டிய டேப்பின் மேல் வேறொரு டேப்பால் மூடிவிட்டு, கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் டங்ஸ்டன் டேப்பையே வாங்குங்கள்.