வெயிலும் உடல்நலமும்: முதன்முறை ஆய்வு செய்யும் மாணவருக்கு

"காலநிலை மாற்றத்தால் உடல்நலத்துக்கு ஏற்படும் பாதிப்புகள்" என்று தலைப்பு எழுதிவிட்டு, மாதக்கணக்கில் அதே பக்கத்தில் நிற்கும் மாணவர்கள் நிறையப் பேர். அது தலைப்பு இல்லை, கடல். அதில் ஒரு குடம் மொண்டால் போதும்.

1. கேள்வியைச் சுருக்குங்கள்

வெயில், கொசு, புகை, வெள்ளம் இவற்றில் ஒன்றை எடுங்கள். அதோடு ஒரே ஒரு உடல்நலக் கோளாறு. "வெயில் கூடும் நாள்களில் மயக்கம், நீரிழப்பு என்று சிகிச்சைக்கு வருவோர் கூடுகிறார்களா?" இவ்வளவுதான் கேள்வி.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். காலநிலைக்கு 30 ஆண்டுச் சராசரிதான் வழக்கமான அளவுகோல். இரண்டு கோடைகளின் தரவை வைத்துக் காலநிலை மாறியது என்று நிறுவ முடியாது. வெயிலுக்கு உடல் எப்படி எதிர்வினை காட்டுகிறது என்று மட்டும் அளக்கலாம். அதை அறிக்கையில் மறைக்காமல் எழுதுங்கள்.

2. தரவைத் திரட்டுங்கள்

பக்கத்து வானிலை நிலையத்தின் அன்றாடப் பதிவு கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் காலநிலைத் திட்டம் தரும் ஈஆர்ஏ5 (ERA5) தரவு இருக்கிறது; அளவீடுகளையும் கணினி மாதிரியையும் சேர்த்துக் கணக்கிட்ட கடந்தகால வானிலை அது. 1940 முதல் மணிவாரியாக, இலவசமாகக் கிடைக்கும்.

பகல் உச்சத்தோடு நிறுத்தாமல் இரவின் குறைந்தபட்ச வெப்பநிலையையும் எடுங்கள். இரவிலும் சூடு தணியாவிட்டால் உடலுக்கு ஓய்வே இல்லை. 2003 கோடையில் ஐரோப்பாவில் வழக்கத்தைவிட 70,000க்கும் மேற்பட்டோர் கூடுதலாக இறந்தார்கள், பெரும்பாலும் முதியவர்கள். அந்த வெப்ப அலையில் இரவுகளும் புழுங்கின.

ஈரப்பதத்தையும் விடாதீர்கள். 34 டிகிரி செல்சியஸில் ஈரப்பதம் 40 சதவீதமாக இருந்தால் ஈரக்குமிழ் வெப்பநிலை (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு) ஏறக்குறைய 24. 75 சதவீதமானால் 30. வெப்பமானி காட்டுவது அதே எண்தான், ஆனால் வியர்வை ஆவியாவது குறைந்துவிடும்.

நோயாளிகள் பக்கம், மருத்துவமனையில் நாள்வாரி எண்ணிக்கை மட்டும் கேளுங்கள். பெயர், முகவரி எதுவும் வேண்டாம். நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கு முதல் வாரமே விண்ணப்பியுங்கள். பல ஆய்வுகள் தாமதமாவது இங்கேதான்.

3. அட்டவணை போடுங்கள்

எக்செல் போதும். தேதி, உச்ச வெப்பநிலை, இரவு வெப்பநிலை, ஈரப்பதம், நோயாளிகள் என்று ஐந்து நிரல்கள். வெப்பநிலைக்கும் எண்ணிக்கைக்கும் ஒட்டுறவுக் கெழு (correlation; இரண்டும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று காட்டும் எண்) கண்டுபிடியுங்கள்.

சரி, இப்போது நோயாளிகள் நிரலை மட்டும் ஒரு கட்டம் மேலே நகர்த்துங்கள். திங்கள் வெயிலுக்கு நேரே செவ்வாய் நோயாளிகள் வந்துவிடுவார்கள். மறுபடி கணக்கிடுங்கள். அப்புறம் இன்னும் ஒரு கட்டம். வெயிலின் தாக்கம் பெரும்பாலும் அன்றோ அடுத்த சில நாள்களிலோ தெரிந்துவிடும். டெங்குவை எடுத்தவர்கள் வாரக்கணக்கில் நகர்த்த வேண்டும். மழைநீரில் கொசு வளரவேண்டும், அதன் உடலில் வைரஸ் பெருக 8 முதல் 12 நாள், கடிபட்டவருக்குக் காய்ச்சல் வர மேலும் 4 முதல் 10 நாள்.

4. ஏமாறக்கூடிய இடங்கள்

விடுமுறை முடிந்த மறுநாள் கூட்டம் எப்போதும் அதிகம்; அதற்கும் வெயிலுக்கும் சம்பந்தமில்லை. அதனால் ஒரு திங்கட்கிழமையை அதே மாதத்தின் மற்றத் திங்கட்கிழமைகளோடு ஒப்பிடுங்கள். கிழமை, பருவம் இரண்டின் குழப்பமும் பெருமளவு குறையும். கடினமான சூத்திரங்களைவிட இந்த எளிய ஒப்பீட்டைத்தான் புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பேன்.

தொடர்பு எதுவும் தெரியாவிட்டால் அதையும் அப்படியே எழுதுங்கள். ஆனால் அதற்கு முன் அட்டவணையை ஒரு தடவை மேலிருந்து கீழே பாருங்கள். பதிவே இல்லாத நாளுக்கு யாராவது சுழியம் போட்டிருப்பார்கள். அந்தக் கட்டம் காலியாகத்தான் இருக்கவேண்டும். சுழியம் என்றால் அன்று ஒருவர்கூட வரவில்லை என்று ஆகிவிடும்.