உறைபனிக் காலத்தில் ஆற்று மீன்: சப் மீனிலிருந்து தொடங்குங்கள்

இங்கிலாந்துக்கு வந்த முதல் மூன்று வருடமும், அக்டோபர் முடிந்தால் தூண்டிலைத் துடைத்து அலமாரி மேல் ஏற்றிவிடுவேன். கையை வெட்டுகிற இந்தத் தண்ணீரில் மீன் எங்கே கடிக்கப்போகிறது என்ற நினைப்புதான். நான்காவது வருட ஜனவரியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை லாடன் ஆற்றோரம் நடந்துபோனேன். புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்துகிடந்தது. அந்தக் கரையில் ஒரு பெரியவர், மூன்று பவுண்டுக்குக் குறையாத சப் மீன் ஒன்றைக் கைவலையில் ஏந்திக்கொண்டிருந்தார். இரை என்னவென்று கேட்டேன். கோட்டுப் பையிலிருந்து பாதி ரொட்டியை எடுத்துக் காட்டினார்.

மறுவாரமே நானும் போனேன். முதல் மீன் வர ஆறு வாரம் ஆயிற்று. அந்த ஆறு வாரத்தில் எங்கே பிசகியது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். முள் கட்டுவது, ரீலில் நரம்பு ஏற்றுவது, வீசுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஏன் சப்?

தண்ணீர் குளிர்ந்தால் மீனின் உடம்பும் குளிரும், பசி அடங்கிவிடும். கார்ப், டென்ச் இரண்டும் அடியில் ஒடுங்கிவிடும். பார்பெல்லுக்கும் கொஞ்சம் சூடு வேண்டும். நம் ஊர்க் கெண்டையின் உறவுக்காரனான சப் மட்டும், தண்ணீர் 4, 5 டிகிரியில் இருக்கும்போதும் ஒரு வாய் கவ்வும். பெரிய வெள்ளை வாய், பித்தளை நிறச் செதில், நல்ல பலம். ஆனால் அது இரையைத் தேடி வராது. இரை அதன் மூக்குக்கு முன்னால் போய் விழ வேண்டும். குளிர்கால மீன்பிடிப்பு முழுவதும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் நடக்கிறது.

1. முதலில் காகிதங்கள்

13 வயது முடிந்த எவருக்கும் என்விரான்மென்ட் ஏஜென்சியின் (இங்கிலாந்து அரசின் சுற்றுச்சூழல் அமைப்பு) தூண்டில் உரிமம் வேண்டும். 13 முதல் 16 வயது வரை இலவசம்தான், ஆனாலும் பதிவு செய்து வாங்க வேண்டும். அரசு இணையதளத்தில் ஐந்து நிமிட வேலை. இல்லாமல் பிடிபட்டால் 2,500 பவுண்டு வரை அபராதம் போகலாம்.

பின்சேர்க்கை: உரிமம் இருக்கிறது, அப்புறம் ஏன் ஒருவர் வந்து கரையை விட்டு எழுப்பினார் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். உரிமம் தூண்டில் போடுவதற்கு மட்டும்தான். அந்தக் கரையில் உட்கார, அதன் உரிமையாளரோ மீன்பிடிக் கிளப்போ தரும் அனுமதி தனி. கிளப் உறுப்பினர் அட்டையோ ஒருநாள் டிக்கெட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்துத் தூண்டில் கடையில் கேட்டால் எந்தக் கரை யாருடையது என்று சொல்லிவிடுவார்கள்.

இன்னொன்று. ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை இந்த மீன்களைப் பிடிக்கத் தடை. ஆக, ஆற்றுக் குளிர்காலம் மார்ச் 14 இரவோடு முடிகிறது. பெரும்பாலான ஏரிகளுக்கு இந்தத் தடை இல்லை, அவரவர் விதிதான்.

2. நாளைத் தேர்ந்தெடுப்பது

நான் வீணடித்த ஆறு வாரத்தில் நான்கு, தப்பான நாளில் போனதால் வீணானவை. வெயில் அடிக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புவேன். குளிர்காலத்தில் பளிச்சென்ற வெயில் என்றால் முந்தைய இரவு வானம் திறந்து கிடந்திருக்கிறது, கடும் பனி விழுந்திருக்கிறது, தண்ணீர் திடீரெனக் குளிர்ந்திருக்கிறது என்று அர்த்தம். மூன்று நான்கு நாள் ஒரே மாதிரி குளிராக இருந்தால் மீன் பழகிக்கொள்ளும். ஒரே இரவில் மூன்று டிகிரி இறங்கினால் வாயைத் திறக்காது.

எனக்குப் பிடித்த நாள் இதுதான்: மேகம் மூடிய வானம், தென்மேற்குக் காற்று, மழை பெய்து ஏறிய ஆறு இறங்கத் தொடங்கி, கலங்கல் தெளிந்துவரும் நேரம். ஏறிக்கொண்டிருக்கும் ஆற்றுக்குப் போகாதீர்கள். பனி உருகி வரும் நாளும் வேண்டாம். அந்த உருகுநீர் கடும் குளிர், சாலையில் தூவிய உப்பும் அதோடு சேர்ந்து வரும். வெள்ள எச்சரிக்கைக்கான அரசுப் பக்கத்தில் உங்கள் ஆற்றின் மட்டத்தை வரைபடமாகவே பார்க்கலாம். கோடு இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு வீட்டை விட்டுக் கிளம்புங்கள்.

முழு நாள் போக முடியாவிட்டால் கவலை வேண்டாம். டிசம்பரில் தென் இங்கிலாந்தில் நாலு மணிக்கெல்லாம் சூரியன் விழுந்துவிடும். இரண்டரைக்குப் போய், இருட்டி அரை மணி வரை இருந்தால் போதும். எனக்குக் கிடைத்த சப்களில் பாதிக்கு மேல் அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தில் வந்தவை.

3. கருவிகள்

11 அடி ஏவான் கழி (ஆற்று மீனுக்கான நடுத்தர வகை), ஒன்றேகால் பவுண்டு வலு, மீன் கடித்தால் நடுங்கிக் காட்டும் மெல்லிய முனை மாட்டக்கூடியது. சின்ன ரீல். 6 பவுண்டு நைலான் நரம்பு. பின்னல் நரம்பு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அது தண்ணீரைக் குடித்து, வளையத்துக்குள்ளேயே உறைந்து கம்பியாகிவிடும். மின்சாரத்தில் கூவும் கடியறிவிப்பான்களும் தேவையில்லை. அந்தக் காசில் நீளக் கயிறு கட்டிய ஒரு வெப்பமானி வாங்குங்கள். என் பையில் இருப்பதிலேயே மலிவான பொருள் அதுதான், அதிகம் கற்றுத்தந்ததும் அதுதான்.

எடைக்கு எஸ்எஸ்ஜி என்ற பெரிய அளவுக் குண்டுகள் இரண்டோ மூன்றோ. ஊரிலிருந்து வருகிறவர்கள் பெட்டியில் ஈயக்குண்டு எடுத்துவருவதைப் பார்த்திருக்கிறேன். இங்கே அதைப் போடக் கூடாது. அன்னப்பறவைகள் கரையில் சிந்திய ஈயத்தை விழுங்கிச் செத்ததால், 1987 ஜனவரி முதல் 0.06 கிராமுக்கு மேல் 28.35 கிராம் வரையுள்ள ஈய எடைகளுக்குத் தடை. கடையில் விற்கும் ஈயமில்லாக் குண்டே நன்றாக வேலை செய்கிறது.

கட்டும் முறை எளிது. மூன்று அங்குல நரம்புத் துண்டை மடித்து, அதில் குண்டுகளைக் கடிக்க வைத்து, பிரதான நரம்பில் வழுக்கி ஓடும்படி மாட்டுங்கள். முள்ளிலிருந்து ஒன்றரை அடி மேலே ரப்பர் தடை ஒன்று. குண்டு வேரில் சிக்கினால் கழன்று விழும், மீன் போகாது. முள் ரொட்டிக்கு 8ஆம் எண், பாலாடைக்கட்டி மாவுக்கு 4 அல்லது 6.

4. இரை: நான் மாட்டிக்கொண்ட இடம்

ரொட்டியில் சிக்கல் இல்லை. வெட்டிய வெள்ளை ரொட்டி, புதிதாக இருக்க வேண்டும். நான் வாங்குவது வார்பர்டன்ஸ், ஏனென்றால் அதன் நடுப்பகுதி பிசுபிசுப்பாக முள்ளில் நிற்கிறது. கட்டைவிரல் நக அளவு பிய்த்து, முள்ளின் தண்டுப் பகுதியில் மட்டும் அழுத்துங்கள். ஓரங்கள் பஞ்சாக விரிந்து நிற்கட்டும். மொத்தமாக உருட்டிவிடாதீர்கள்.

பாலாடைக்கட்டி மாவில்தான் நான் தோற்றேன். கொஞ்சம் கலங்கிய தண்ணீரில் இதற்கு இணை கிடையாது, வாசம் அவ்வளவு தூரம் போகும். சிறுவயதில் வாய்க்காலுக்கு மைதா பிசைந்து எடுத்துப்போன கைதானே, இது வராதா என்று சீஸை நிறையப் போட்டுக் கெட்டியாகப் பிசைந்தேன். கரையில் மிருதுவாக இருந்தது. முனை வளைந்தது, கழியை உயர்த்தினேன், ஒன்றுமில்லை. மறுபடி வளைந்தது, மறுபடி ஒன்றுமில்லை. ஒரே மாலையில் ஐந்து கடி, ஐந்தும் போயின. முள் மழுங்கிவிட்டதென்று மாற்றினேன், சின்ன மீன் கடிக்கிறதென்று நினைத்தேன். கடைசியில் சுருட்டி எடுத்த மாவைக் கையில் அழுத்திப் பார்த்தபோதுதான் புரிந்தது. கூழாங்கல் மாதிரி இருந்தது. சீஸில் இருக்கும் கொழுப்பு குளிர்ந்த தண்ணீரில் இறுகிவிடுகிறது. மீன் கவ்வுகிறது, நான் இழுக்கிறேன், முள் மாவைக் கிழித்து வெளியே வர முடியவில்லை.

இப்போது நான் செய்வது: துருவிய செடார் ஒரு பங்கு, நீலப் பூஞ்சை ஓடிய சீஸ் ஒரு பங்கு, கடையில் கிடைக்கும் ஷார்ட்கிரஸ்ட் பேஸ்ட்ரி மாவு இரண்டு பங்கு, சமையல் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. சப்பாத்தி மாவைவிடத் தளர்வாக, விரலில் லேசாக ஒட்டும் பதத்துக்குப் பிசையுங்கள். அப்புறம் முக்கியமான சோதனை. நெல்லிக்காய் அளவு உருண்டையைத் தண்ணீர் நிரப்பிய டம்ளரில் போட்டு, குளிர்சாதனப் பெட்டியில் ஒரு மணி நேரம் வையுங்கள். உள்ளே 4, 5 டிகிரிதான் இருக்கும், அதாவது ஜனவரி ஆறு. எடுத்து இரண்டு விரலால் அழுத்தினால் தடையில்லாமல் நசுங்க வேண்டும். இறுகியிருந்தால் எண்ணெயும் மாவும் இன்னும் கொஞ்சம். கரைந்துபோயிருந்தால் சீஸ் கொஞ்சம். இந்த டம்ளர் சோதனை செய்யாமல் நான் இப்போது வீட்டை விட்டு இறங்குவதில்லை. முள்ளில் வைக்கும்போது கூர்முனை வெளியே தெரியட்டும். சப் அதைக் கண்டு மிரளாது.

பின்சேர்க்கை: மீந்த மாவைப் பொட்டலம் கட்டி உறையவைத்தால் மறுமுறைக்கு ஆகும். ஆனால் மறுபடி டம்ளரில் போட்டுப் பாருங்கள், பதம் மாறியிருக்கும். ஒரு சகோதரி இப்படி எடுத்துப்போய் மூன்று கடி தவறவிட்டதாக எழுதியிருந்தார்.

என் கணக்கு இது: 6 டிகிரிக்கு மேல் சீஸ் மாவு, 4 முதல் 6 வரை ரொட்டி, 4க்குக் கீழே என்றால் ரொட்டியை இன்னும் சின்னதாகப் பிய்த்துப் பொறுமையாக இருப்பது.

5. கரையில்

ஒரே இடத்தில் உட்காராதீர்கள். பழைய ரொட்டியை ஊறவைத்து, பிழிந்து, கூழாக மசித்து எடுத்துப்போங்கள். தண்ணீரின் மேல் சாய்ந்த மரம், கிளையில் குப்பை சேர்ந்து மிதக்கும் கூரை, அரித்துக் குடைந்த கரை, வேகநீரும் மந்தநீரும் சேரும் கோடு: இப்படி நாலைந்து இடம் பார்த்து, ஒவ்வொன்றிலும் எலுமிச்சை அளவு ஒரு உருண்டை மட்டும் போடுங்கள். கடைசி இடத்துக்குப் போட்டுவிட்டு முதல் இடத்துக்குத் திரும்பி வந்து தூண்டில் போடுங்கள். ஒவ்வொரு இடத்திலும் இருபது நிமிடம். குளிரில் மீனின் வயிறு சின்னது. வாளி வாளியாகக் கொட்டினால் உங்கள் முள்ளில் இருப்பதைத் தின்ன இடமிருக்காது.

மெல்ல நடந்துபோங்கள். இலை உதிர்ந்த கரையில் உங்கள் நிழலும் காலடி அதிர்வும் நேரே மீனுக்குப் போகும்.

கடி இரண்டு விதம். முனை டக் என்று தட்டி, பிறகு நிதானமாக இழுபடும். அல்லது வளைந்திருந்த முனை தளர்ந்து நிமிரும், அதாவது மீன் குண்டைத் தூக்கிக்கொண்டு உங்கள் பக்கம் வருகிறது. முதல் தட்டுக்குக் கை போகக் கூடாது, இழுவைக்குத்தான். மாட்டியதும் சப் வேருக்குள் ஓடப் பார்க்கும், முதல் பத்து விநாடி விட்டுக்கொடுக்காதீர்கள்.

எடுத்த மீனை உறைந்த புல்லில் கிடத்தவே கூடாது. மேலிருக்கும் வழவழப்பு உரிந்துவிடும், கண்ணும் செதிலும் பனியில் புண்படும். கைவலையைத் தண்ணீரிலேயே வைத்து, கையை நனைத்துக்கொண்டு முள்ளைக் கழற்றுங்கள். தலையை நீரோட்டத்தைப் பார்த்துப் பிடித்து, தானாக உதறிப் போகும்வரை காத்திருங்கள். குளிர்காலத்து மீன் தேறக் கொஞ்சம் நேரம் எடுக்கும்.

பின்சேர்க்கை: அதிகம் வந்த கேள்வி, குழம்புக்கு எடுத்துவரலாமா என்பது. ஆற்றில் ஒரு நாளைக்கு 20 சென்டிமீட்டர் வரையுள்ள சின்ன மீன் 15 வரை எடுக்கச் சட்டம் விடுகிறது. ஆனால் பெரும்பாலான கிளப்புகளின் விதி எல்லாவற்றையும் திருப்பி விடச் சொல்கிறது, அந்தக் கரையில் அதுதான் செல்லும். பெரிய சப்பை எடுக்கவே முடியாது. மூன்று பவுண்டு சப் வளரப் பல வருடம் ஆகும். குழம்புக்கு மீன்கடை இருக்கிறது, தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

6. ஏரி என்றால்

ஏரியைப் பற்றிச் சுருக்கமாக, ஏனென்றால் என் அனுபவம் அங்கே குறைவு. தண்ணீர் 4 டிகிரியில்தான் அதிக அடர்த்தி. அதனால் மேலே பனிக்கட்டி படர்ந்தாலும் அடியில் 4 டிகிரி நீர் தங்கியிருக்கும், மீனும் அங்கேதான். ஆழமான பக்கத்தில், குளிர்காற்று படாத கரையில் உட்காருங்கள். 3 பவுண்டு நரம்பு, சின்னத் தக்கை, 18ஆம் எண் முள்ளில் ஒற்றை ஈப்புழு, ஐந்து நிமிடத்துக்கு நாலைந்து ஈப்புழு தூவல். ரோச் வரும், பெர்ச் வரும். பைக் மீனுக்கு மட்டும் கம்பித் துண்டும் நீண்ட இடுக்கியும், பழகிய ஒருவரும் உடன் வேண்டும். அதன் பல்லுக்குள் முதல்முறை தனியாகக் கைவிடாதீர்கள்.

பனிக்கட்டி எவ்வளவு தடிமனாகத் தெரிந்தாலும் அதன் மேல் கால் வைக்காதீர்கள். ஆற்றங்கரைச் சேறும் காலையில் கண்ணாடி மாதிரி வழுக்கும். தவறி விழுந்தால் முதல் நிமிடம் மூச்சு திணறும். அப்போது நீந்தப் போராடாமல், தலையைப் பின்னால் சாய்த்து மல்லாந்து மிதந்து, மூச்சு சீராகும்வரை காத்திருக்க வேண்டும். மிதவை உடுப்பு போட்டுக்கொள்வதும், எங்கே போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போவதும் என் பழக்கம்.

உடைக்கு ஒரே ஒரு வார்த்தை: ஒரு அளவு பெரிய பூட்ஸ். தடித்த கம்பளிக் காலுறைக்கும் காலுக்கும் நடுவே காற்று நின்றால்தான் சூடு நிற்கும். இறுக்கமான பூட்ஸுக்குள் மூன்று காலுறை போட்டு விரல் மரத்துப்போனவர்கள் நிறையப் பேர்.

இந்த வாரம் வந்த சிக்கல்: வளையங்களில் பனி கட்டி நரம்பு ஓடவில்லையாம். அடித்து உடைக்காதீர்கள், வளையத்தின் உள்பக்கம் கீறினால் நரம்பு அறுபடும். கழியின் முனையை ஆற்றுக்குள் முக்கி ஒரு நிமிடம் பிடியுங்கள். ஆறு காற்றைவிடச் சூடு, கட்டி தானே கழன்றுவிடும். கிளம்பும் முன் வளையங்களில் வாசலைன் லேசாகத் தடவினால் அடுத்த கட்டி பிடிக்க நேரமாகும்.