ஸ்பெயார் டிஸ்க்கை வெற்று இடமாக எண்ணாதீர்கள்

வொலியூம் (பல டிஸ்க்குகளைச் சேர்த்து அமைத்த சேமிப்பிடம்) 95 வீதம் நிறைந்துவிட்டது என்று சேர்வர் எச்சரித்ததும், பலருடைய கண் போவது ஹொட் ஸ்பெயார் டிஸ்க் மேல்தான்; அதாவது, ஒரு டிஸ்க் பழுதானால் தானாக அதன் இடத்துக்கு வரக் காத்திருக்கும் உபரி டிஸ்க். "சும்மாதானே கிடக்கு, அதையும் சேர்த்துவிடுவோம்." கொழும்பில் சின்ன அலுவலகங்கள் செய்யும் ஆகப் பெரிய தவறு இதுதான் என்பேன். ரெய்ட் 5 (ஒரு டிஸ்க் பழுதானாலும் தரவு தப்பும்படி பல டிஸ்க்குகளில் பிரித்து எழுதும் முறை) வொலியூமுக்குள் ஒரு டிஸ்க்கைச் சேர்த்துவிட்டால், பெரும்பாலான நாஸ் பெட்டிகளில் (வலையமைப்பில் இணைக்கும் சேமிப்புப் பெட்டிகளில்) அதைத் திரும்பப் பிரித்தெடுக்க வழியில்லை. கிடைத்த இடமும் கொஞ்ச நாளில் நிறைந்துவிடும். அப்புறம் ஒரு டிஸ்க் பழுதானால் அந்த இடத்துக்கு வர எதுவும் இருக்காது.

முதலில் இடம் எங்கே போனது என்று பாருங்கள். கோப்புகளை அழித்தும் இடம் கூடவில்லையா? பெரும்பாலும் பழைய ஸ்னாப்ஷொட்டுகள் (கோப்புகளின் முந்தைய நிலையைக் காத்துவைக்கும் பதிவுகள்) அவற்றைப் பிடித்து வைத்திருக்கும். இல்லையென்றால் ரீசைக்கிள் பின்னில் கிடக்கும். இசட்எஃப்எஸ் (ZFS) என்ற கோப்பு முறைமையைப் பாவிப்பவர்கள் 80 வீதத்திலேயே புது டிஸ்க் வாங்க யோசிக்க வேண்டும்.

புதிதாக அமைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஐந்து 4 டெராபைட் டிஸ்க்குகளில் நான்கை ரெய்ட் 5 ஆக்கி ஒன்றை ஸ்பெயாராக விட்டால் கிடைப்பது 12 டெராபைட். ஐந்தையும் ரெய்ட் 6 ஆக்கினாலும் அதே 12தான். ஆனால் ரெய்ட் 6இல் இரண்டு டிஸ்க் ஒன்றாகப் போனாலும் தரவு தப்பும். முதலாவதில், ஸ்பெயாருக்குள் தரவு மீளக் கட்டப்படும்போது இன்னொன்று போனால் எல்லாமே போய்விடும். 4 டெராபைட்டை நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் எழுதினாலே ஏழு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும்; ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தால் இன்னும் நீளும். என் தெரிவு ரெய்ட் 6. எதுவானாலும் பெக்கப் தனியாக வேண்டும்.

ஸ்பெயார் ஓசைப்படாமல் வேலையைத் தொடங்கிவிடும். எச்சரிக்கை மின்னஞ்சல் விலகிப்போன ஊழியரின் முகவரிக்குப் போனால், ஸ்பெயார் தீர்ந்தது யாருக்கும் தெரியாது. சோதனை மின்னஞ்சல் ஒன்றை இன்றே அனுப்பிப் பாருங்கள்.

பழுதான அன்றே பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் அதே மாடல் கிடைக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். ஒன்றை முன்பே வாங்கி வையுங்கள். கொள்ளளவு பழையதைவிடச் சில செக்டர்கள் (டிஸ்க்கின் மிகச் சிறிய சேமிப்புப் பகுதிகள்) குறைந்தாலும் சேர்வர் ஏற்காமல் போகலாம். எஸ்எம்ஆர் (SMR, தரவுத் தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எழுதும் முறை) வகையா என்றும் கேளுங்கள், மீளக் கட்டும்போது அது மிகவும் இழுத்தடிக்கும். வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையிலேயே சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பது 2020இல்தான் வெளியே தெரிந்தது. பெட்டியில் எழுதியிருப்பதை மட்டும் பார்க்காமல், மாடல் இலக்கத்தை நிறுவனத்தின் பட்டியலோடு ஒப்பிட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள்.