ஆட்ட உலகுக்குத் தமிழில் ஒரு ரசிகர் தளம்: நண்பர்கள் சேர்ந்து தொடங்குவது எப்படி

சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளக் கல்மேசையில் ஒரு சனிக்கிழமை மாலை டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதையாட்டத்தில் பகடை உருட்டிக்கொண்டிருந்தபோது சண்டை வந்தது. ஆட்டத்தின் கற்பனை உலகில் வரும் நெவர்வின்டர் செழிப்பான நகரம் என்றார் ஓர் அண்ணன். அது எரிமலை வெடித்து அழிந்துபோன ஊர் என்றான் தேசிய சேவையில் இருக்கும் தம்பி. இருவர் கையிலும் அதிகாரபூர்வப் புத்தகம் இருந்தது, இருவர் சொன்னதும் சரி. ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் என்ற அந்த உலகின் காலக்கணக்கில் ஹோட்டினோ மலை வெடித்தது 1451ஆம் ஆண்டில். 1987இல் வெளிவந்த அந்த உலகைப் பற்றிய முதல் பெட்டித் தொகுப்போ 1357ஐ ஒட்டிய காலத்தைச் சொல்கிறது. அன்று இரவே தமிழில் ஒரு விக்கி, அதாவது பலர் சேர்ந்து எழுதித் திருத்தும் தளம், தொடங்குவதென்று முடிவு செய்தோம். நீங்களும் தொடங்க நினைத்தால் வழி இதுதான். எந்த ஆட்ட உலகுக்கும் பொருந்தும்.

முதலில் எல்லை

உலகம் முழுவதையும் எழுத வேண்டாம். எட் கிரீன்வுட் சிறுவயதில், 1967 வாக்கில் எழுதத் தொடங்கிய உலகம் அது. அதன்பின் பலர் கைபட்டு வளர்ந்திருக்கிறது. நான்கைந்து பேரால் தாங்காது. ஒரு கடற்கரையை, முடிந்தால் ஒரே நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இருபது பக்கங்கள் முழுமையாக எழுதி முடித்த பிறகு அடுத்த ஊருக்குப் போகலாம்.

அடுத்து உரிமை

உலகம் நம்முடையதல்ல. இந்த உலகின் உரிமை விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனத்திடம் இருக்கிறது. அவர்கள் ரசிகர் படைப்புகளுக்கென ஒரு கொள்கை வெளியிட்டிருக்கிறார்கள். யாரும் கட்டணமின்றிப் படிக்க முடிய வேண்டும், அதிகாரபூர்வமற்றது என்று தெளிவாக எழுத வேண்டும், அவர்களுடைய சின்னங்களைப் போடக்கூடாது என்பவை அதில் முக்கியமானவை. முழுதாகப் படித்துவிட்டு, அவர்கள் கேட்கும் அறிவிப்பை எல்லாப் பக்கங்களின் அடியிலும் வையுங்கள். 2023 ஜனவரியில் ஆட்டத்தின் 5.1 விதித்தொகுப்பு, யாரும் பயன்படுத்த இடம்தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் திறந்துவிடப்பட்டது உண்மைதான். ஆனால் அது ஆட்ட விதிகளுக்கானது, ஊர்களின் வரலாறு அதில் வராது.

எங்களுக்கு வலித்த இடமும் இதுதான். ஆர்வமிகுதியில் ஒருவர் வேறொரு ரசிகர் தளத்தின் பக்கங்களை வரிக்கு வரி தமிழாக்கிப் போட்டுவிட்டார். மொழி மாறினாலும் அது பிறர் உழைப்பு. பெயர் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் பகிர வேண்டியதை எதுவும் குறிப்பிடாமல் போட்டிருந்தோம். அத்தனையையும் நீக்கினோம். அவருக்குக் கண் கலங்கியது, எங்களுக்கும்தான். விதியை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்: புத்தகத்தைப் படி, மூடு, பிறகு உன் சொந்த வாக்கியத்தில் எழுது.

மென்பொருள்

இதில் அதிகம் தயங்க வேண்டாம். விக்கிப்பீடியா ஓடும் மீடியாவிக்கியே இலவசம். தமிழ் இடைமுகமும் உண்டு. சொந்தமாக இடம் வாடகைக்கு எடுத்து நிறுவலாம். மாதச் செலவைப் பங்கு போட்டு பேநவ் பணப்பரிமாற்றச் சேவையில் ஒருவருக்கு அனுப்பிவிடலாம். நிர்வாகி கணக்கு மட்டும் குறைந்தது இரண்டு பேரிடம் இருக்கட்டும். ஒருவர் படிப்பு, வேலை என்று விலகிப்போனால் தளம் பூட்டிய வீடாகிவிடும்.

பெயர்ப் பட்டியல்: அவசரப்படக் கூடாத வேலை

பக்கம் எழுதத் தொடங்குமுன் ஒரு பொது விரிதாளைத் திறந்து, வரப்போகும் பெயர்களையெல்லாம் தமிழில் எப்படி எழுதுவதென்று முடிவு செய்யுங்கள். இதற்கே எங்களுக்கு மூன்று சனிக்கிழமைகள் ஆயின. வீணான நாள் ஒன்றுமில்லை.

இடப்பெயரை ஒலிபெயர்ப்பதா, மொழிபெயர்ப்பதா? வாட்டர்டீப்பை ‘ஆழ்நீர்த்துறை’ என்றால் காதுக்கு இனிமைதான். ஆனால் ஆட்டமேசையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, தேடுபவரும் அப்படித் தட்டப்போவதில்லை. தலைப்பில் ஒலி, முதல் வரியில் பொருள் என்று வைத்துக்கொண்டோம்.

உயிரினங்கள் இன்னும் சிக்கல். ‘பூதம்’ என்ற சொல் கையருகே இருக்கிறதே என்று எடுத்தால் ஜயன்ட்டும் பூதம், ஜீனியும் பூதம், எலமென்டலும் பூதம். ஆட்டத்தில் மூன்றும் வெவ்வேறு இனங்கள். ட்வார்ஃபைக் ‘குள்ளர்’ என்று எழுதுவதும் எங்களுக்கு ஒப்பவில்லை. உயிரோடு இருக்கும் மனிதர்களைக் குத்தும் சொல் அது. டிராகனுக்கு யாளி வேண்டாம், யாளி நம் கோயில் தூணில் தன் உருவோடு நிற்கிறது. ஆனால் நாட்காட்டியில் தமிழ் அழகாகக் கைகொடுத்தது. அந்த உலகில் மாதம் பன்னிரண்டு, மாதத்துக்கு முப்பது நாள், அந்த முப்பதும் மூன்று பத்துகளாகப் பிரியும். அதை ‘வாரம்’ என்று எழுதினால் கணக்கே கெட்டுவிடும். நாங்கள் ‘பத்துநாள்’ என்கிறோம்.

கண்ணுக்குத் தெரியாத பொறி ஒன்றும் உண்டு. ‘ட்ரௌ’ என்ற இனத்தின் பெயரை ஔகாரக் குறியோடு ஒருவர் தட்டுவார், எகரக் குறியும் ள எழுத்துமாக இன்னொருவர் தட்டுவார். திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கோ அவை வேறு சொற்கள். ஒரே தலைப்பில் இரண்டு பக்கம் முளைத்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். பட்டியலில் உள்ள சொல்லை நகலெடுத்து ஒட்டுவதே பாதுகாப்பு. அந்த உலகின் கண்டத்தை ஃபேரூன், பேரூன் என்றெல்லாம் எழுதுவது போன்ற மாற்று வடிவங்களுக்கு வழிமாற்றுப் பக்கம் உருவாக்கிவிட்டால் எப்படித் தேடினாலும் வாசகர் வந்து சேர்வார்.

ஒரு பக்கத்தை எழுதும் முறை

மணல்தொட்டி எனப்படும் பயிற்சிப் பக்கத்தில் பழகுங்கள். பிறகு ஊருக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று, தெய்வத்துக்கு ஒன்று என மூன்று வார்ப்புருக்கள் (நிரப்பத் தயாரான மாதிரிப் படிவங்கள்) செய்யுங்கள். ஒவ்வொரு வார்ப்புருவிலும் ‘கதை ஆண்டு’ என்ற கட்டத்தைக் கட்டாயமாக்குங்கள். எங்கள் கல்மேசைச் சண்டைக்கு மருந்து அதுதான். ‘நெவர்வின்டர் ஒரு நகரம்’ என்று எழுதாமல், 1357 வாக்கில் அது எப்படி இருந்தது, 1451இல் என்ன ஆயிற்று, பிறகு யார் மீண்டும் கட்டினார்கள் என்று இறந்தகாலத்தில் வரிசையாக எழுதுங்கள். இரண்டு புத்தகங்கள் முரண்பட்டால் ஒன்றைத் தூக்கி எறியாதீர்கள். இரண்டையும் சொல்லி, எது எங்கே என்று காட்டுங்கள்.

ஒவ்வொரு தகவலுக்கும் புத்தகத்தின் பெயர், வெளியான ஆண்டு, பக்க எண் மூன்றும் வேண்டும். “எங்கேயோ படித்தேன்” என்பதற்கு இடமில்லை. ஆட்டத்தை நடத்தும் உங்கள் டிஎம் சொந்தமாகச் சேர்த்த கதை எவ்வளவு அருமையாக இருந்தாலும் முதன்மைப் பக்கத்தில் வரக்கூடாது; அதற்கென்று தனிப் பகுப்பு திறந்துகொடுங்கள். எங்கள் தளத்தில் அதிகம் ரசித்துப் படிக்கப்படுவது அந்தப் பகுப்புதான், அதில் எனக்கு மகிழ்ச்சியே.

சேர்ந்து வேலை செய்வது

ஒருவர் எழுதியதை மற்றொருவர் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். கருத்து வேறுபாட்டை வாட்ஸ்அப்பில் தீர்க்காமல் அந்தப் பக்கத்தின் பேச்சுப் பகுதியிலேயே எழுதுங்கள். ஆறு மாதம் கழித்துச் சேரும் புதியவருக்கு ஏன் இப்படி முடிவானது என்பது அங்கேதான் கிடைக்கும். புதியவருக்கு முதல் வேலையாக எழுத்துப்பிழை திருத்தம் கொடுங்கள். பயம் தெளிந்ததும் சிவப்பு இணைப்புகளில், அதாவது இன்னும் எழுதப்படாத பக்கங்களில், ஒன்றைத் தாமாகவே எடுத்துக்கொள்வார்.

காப்பு நகல்

மாதம் ஒருமுறை மூன்றை எடுத்து வையுங்கள்: தரவுத்தளம், படங்கள் உள்ள கோப்புறை, தள அமைப்புகள் உள்ள லோக்கல்செட்டிங்ஸ் கோப்பு. மூன்றில் ஒன்று குறைந்தாலும் தளம் முழுதாகத் திரும்பாது. அந்தக் கடைசிக் கோப்பில் தரவுத்தளக் கடவுச்சொல் இருக்கும், அதனால் பொது இடத்தில் வைக்க வேண்டாம். எடுத்த நகலை வேறொரு கணினியில் ஏற்றி, ஏதாவது ஒரு பக்கம் படத்தோடும் குறிப்புகளோடும் திறக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு அன்றைய தேதியைப் பொது விரிதாளில் குறித்துவிடுங்கள்.