கதிரோடு சோளம்: காளைக்கன்றுக்கு மூட்டைத் தீவனம் போடும் முறை

தொண்டி முதல் சாயல்குடி வரை மானாவாரிச் சோளத்தில் கதிரை அறுத்துக்கொண்டு, காய்ந்த தட்டையைத்தான் மாட்டுக்குப் போடுகிறோம். வயிறு நிறையும், சதை பிடிக்காது. இறைச்சிக்கு வளர்க்கும் காளைக்கன்றுக்குக் கதிர், இலை, தண்டு மூன்றும் சேர்ந்து போகணும். இந்த மூன்றையும் பச்சையாக நறுக்கி, பையில் காற்றுப் புகாமல் கட்டிப் புளிக்க வைப்பதுதான் மூட்டைத் தீவனம். சின்ன வயல் ஒன்றை இதற்கென்றே விடுங்கள்.

முதல் வேலை, வெட்டும் நாளைப் பிடிப்பது. எல்லாமே இதில்தான் இருக்கிறது. பூத்து மூன்று வாரம் ஆனதும் தினமும் காலையில் கதிரின் நடுவிலிருந்து ஒரு மணியைக் கிள்ளி நகத்தால் நசுக்குங்கள். பால் வந்தால் பொறுங்கள். பிசைந்த மாவு போல நகத்தில் ஒட்டினால் வெட்டலாம். போன வருடம் ஆள் கிடைக்காமல் தள்ளிப்போட்டேன். மணி இறுகிவிட்டது, சாணத்தில் முழுச்சோளமாகவே விழுந்தது.

சரி, வெட்டியாச்சு. தட்டை வெட்டும் மெஷினில் 2 செ.மீ. துண்டுகளாக நறுக்கி, ஒரு பிடியை இறுக்கிப் பிடித்து விடுங்கள். தண்ணீர் சொட்டினால் அரை நாள் வாட விடணும். உருண்டை மெல்ல விரிந்தால் பதம்.

தடித்த பிளாஸ்டிக் பையில் அரையடிக்கு ஒருமுறை மிதித்து நிரப்புங்கள். காற்று நின்ற இடத்தில் பூஞ்சை வரும். வாயை இறுகக் கட்டிக் கொட்டகை நிழலில் 45 நாள் வையுங்கள். எலி ஓட்டை போட்டிருந்தால் உடனே டேப் ஒட்டுங்கள். திறக்கும்போது மஞ்சள் கலந்த பச்சை நிறமும் புளித்த பழ வாசமும் வரணும். கறுத்துப்போனது எருக்குழிக்குத்தான்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். மழை ஏமாற்றி வாடிய இளஞ்சோளத்திலும், வெட்டிய தூரில் துளிர்க்கும் மறுதாம்பிலும் ஹைட்ரோசயனிக் அமிலம் என்ற விஷம் இருக்கும். எங்கள் கன்று ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு அதை மேய்ந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கி, நுரை தள்ளிக் கீழே சாய்ந்தது. மாட்டு டாக்டர் ஓடி வந்து சோடியம் தயோசல்பேட் ஊசி போட்டதால் பிழைத்தது. அன்றிலிருந்து சோள வயல் பக்கம் மாட்டை அவிழ்த்து விடுவதில்லை.

150 கிலோ கன்றுக்கு முதல் நாள் 2 கிலோ போடுங்கள். பத்து நாளில் மெல்ல 8 கிலோவுக்குக் கொண்டுவரலாம். இதில் புரதம் குறைவு என்பதால் கடலைப் புண்ணாக்கு அரைக் கிலோவும், கூடவே தவிடும் தாது உப்பும் சேருங்கள். திறந்த மூட்டையை மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள், ஒவ்வொரு தடவையும் எடுத்த உடனே வாயைக் கட்டிவிடணும்.