மழை நாள் பாரிஸ்: ஓர் ஓவியத்தைப் படிக்கும் முறை

பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் கையேபோத் 1877-இல் தீட்டிய ‘பாரிஸ் தெரு, மழை நாள்’ ஓவியத்தைப் பார்க்கும் பலர், முன்னால் நடந்துவரும் கனவானின் உயரத் தொப்பியையும் அவருடன் வரும் பெண்ணின் காதணியையும் ரசித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். உடையைக் கடைசிக்கு ஒதுக்கிவிட்டு, தரையிலிருந்து தொடங்குங்கள். விழும் மழைத்துளி ஒன்றுகூடத் தெரியாத இப்படத்தில், மழையைச் சொல்பவை ஈரத்தில் மின்னும் பாவுகற்களும் குடைகளும் மட்டுமே.

அடுத்து, படத்தை நடுவில் பிளக்கும் பச்சை விளக்குக்கம்பத்தைக் கவனியுங்கள். வலப்பாதியைத் தாளால் மறைத்தால், அகன்ற வெற்றுச் சதுக்கத்தில் ஒருவரையொருவர் பாராமல் சிதறி நடக்கும் சிறு உருவங்கள் தெரியும். இடப்பாதியை மறைத்தால், நடைபாதையின் நெருக்கடி மட்டுமே எஞ்சும். இந்த முரணே ஓவியத்தின் உயிர் என்பது என் துணிபு. 1853 முதல் 1870 வரை நகரை மாற்றியமைத்த ஆட்சியர் ஓஸ்மான் பழைய பாரிஸின் சந்துகளை இடித்து அகன்ற சாலைகளை அமைத்தார். ஊருக்கு இடம் பெருகியது, மனிதர்களுக்கிடையே தூரமும் பெருகியது.

வலது விளிம்பில் முதுகு காட்டி, பாதி உடல் வெட்டுப்பட்டு நிற்பவரை விட்டுவிடாதீர்கள். பினாங்கு குயின் ஸ்திரீட்டின் குறுகிய நடைபாதையில் மழை நேரத்தில் இருவர் எதிர்ப்பட்டால், யாராவது ஒருவர் குடையைச் சாய்த்தே ஆக வேண்டும். இங்கும் குடைகள் உரசும் தருணம் வந்துவிட்டது. ஆனால் அந்த ஆணும் பெண்ணுமோ சட்டகத்துக்கு வெளியே, நமக்குத் தெரியாத எதையோ பார்த்தபடி வருகிறார்கள்.

பிறகு அவர்களுக்குப் பின்னால் தேடுங்கள். ஏணி சுமந்து செல்லும் ஒரு தொழிலாளியும் வாசலில் ஒரு பணிப்பெண்ணும் மிகச் சிறியதாகத் தென்படுவார்கள். அவர்களைக் கண்ட பின் உடைக்குத் திரும்பினால், புள்ளியிட்ட முகத்திரையும் உரோம விளிம்பு கொண்ட மேலங்கியும் வெறும் அழகாக நிற்பதில்லை. வேடிக்கை பார்த்து நடக்கும் ஓய்வு யாருக்கு வாய்த்தது என்பதையும் சொல்கின்றன.

கைப்பேசித் திரையில் இதெல்லாம் எளிதில் நழுவிவிடும். சிகாகோ கலைக்கழகத்தில் உள்ள மூல ஓவியம் ஏறத்தாழ 2.1 மீட்டர் உயரமும் 2.8 மீட்டர் அகலமும் கொண்டது. முன்னிற்பவர்கள் கிட்டத்தட்ட ஆளுயரம். 2014 வாக்கில் மஞ்சளாகிப்போன பழைய மெருகுப்பூச்சு நீக்கப்பட்டதால், அதற்குப் பிந்திய படியையே பெரிய திரையில் திறந்து பாருங்கள்; பழைய அச்சுப்படிகளில் வானம் உண்மையைவிட மங்கலாக இருக்கும்.